பத்தொன்பது மீட்டர்

பீன்யா இரண்டாம் கட்டம், மூன்றாம் மாடி.
அறை இருபத்து மூன்று டிகிரியைத் தாண்டினால்
எழுதியதெல்லாம் அடித்துவிட்டு முதலிலிருந்து.

மேஜைமேல் மஞ்சள் உறை போட்ட ஓடிடிஆர்.
கைப்பிடி இடுக்கில் செம்மண்.
கட்டியிருந்த சீட்டில் பரமேஷி
கன்னடத்தில் எழுதியிருந்தான்:
இது பொய் சொல்கிறது.

கதையை போனிலேயே கேட்டாயிற்று.
யஷ்வந்த்பூரிலிருந்து ஓசூர் போகும் இழை
அத்திபெலே அருகே அறுந்துவிட்டது.
நாற்பதாயிரத்துப் பத்தொன்பது மீட்டர் என்றது கருவி.
மேன்ஹோலில் சுருட்டிவைத்த உபரியெல்லாம்
விரல்விட்டுக் கழித்துத்தான் பரமேஷி இடம் காட்டுவான்.
காட்டினான். ஜேசிபி இறங்கியது.
ஆறடிப் பள்ளம்.
உள்ளே கேபிள், ஒரு கீறல்கூட இல்லாமல்.

பிறகுதான் சொன்னார்கள், அது தமிழ்நாட்டு மண்ணாம்.
தோண்ட வாங்கிய கடிதமோ கர்நாடகத்துடையது.
வண்டிச்சாவி இன்னும் ஸ்டேஷனில்.
முறிவு எல்லைக்கு இந்தப் பக்கம்,
வளைவின் நிழலில்,
ஒரு இளநீர் வண்டிக்கு நேர் கீழே.

நான் பெட்டியைத் திறக்கிறேன்.
பன்னிரண்டாயிரத்து அறுநூற்று நான்கு மீட்டர் கண்ணாடி
டிபன் டப்பா அளவுக்குச் சுருண்டு கிடக்கிறது,
எந்த ஊருக்கும் போகாமல்.

ஒரு துடிப்பு.
கடைசிவரை போய்த் தொட்டுவிட்டு வருகிறது.
போய்வந்த நேரத்தில் பாதி,
ஒளியின் வேகம்,
அதைக் கண்ணாடி எவ்வளவு தயங்கவைக்கும் என்றொரு எண்.
அவ்வளவுதான் தூரம்.

சான்றிதழ் எண்ணைப் போட்டுப் பத்து முறை பார்த்தேன்.
பத்து முறையும் ஒரு சாண் பிசகு.
ஒரு சாணுக்கு யார் வண்டியைப் பிடிப்பார்கள்?

அப்புறம்தான் பழைய அமைப்புகளைப் புரட்டினேன்.
1.4682 இருக்கவேண்டிய இடத்தில் 1.4675.
வேறு கம்பெனி கேபிளுக்காக யாரோ மாற்றி
திருப்பி வைக்க மறந்திருக்கிறார்கள்.
நான்காம் தசமத்தில் ஒரு ஏழு.
அந்த ஏழுதான்
நாற்பது கிலோமீட்டர் போய்
மாநிலம் தாண்டியிருக்கிறது.

பரமேஷியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.
கருவி சரி. கொடுத்த கணக்கைச் சரியாகப் போட்டது.
கொஞ்ச நேரம் லாரிச் சத்தம் மட்டும்.
"சரி மேடம், அப்போ சாவி?"

சான்றிதழில் குறிப்புக் கட்டத்துக்கு
நாற்பது எழுத்துதான் இடம்.
குறை இல்லை, அமைப்பு திருத்தப்பட்டது என்று போட்டேன்.
மூன்று நாள் கடை போடாத இளநீர்க்காரர்
அதில் அடங்கவில்லை.

ஈரத்துணியால் கைப்பிடியைத் துடைக்கிறேன்.
செம்மண் வருகிறது.
எந்தப் பக்கத்து மண்ணோ.