உப்பு

ரசீதில் அதற்குப் பெயர் 'மேம்படுத்தி'.
என் பேரேட்டில்: உப்பு, இரண்டு டப்பா.
பொய்யில்லை. அதுவும் ஓர் உப்புதான்,
மாவை உப்ப வைக்கிறது.

தடை வந்து வருடங்கள் ஆகின்றன.
டப்பா மட்டும் மாதம் தவறாமல்
மைல் ஒன் சந்தையிலிருந்து
செய்தித்தாள் சுற்றிக்கொண்டு வரும்.

மூட்டை மாவுக்கு ஒரு சோடா மூடி அளவு.
விடிகாலையில் அடுப்பைத் திறந்தால்
தட்டுக்கு மேலே தலைநீட்டி நிற்கும் ரொட்டிகள்,
உள்ளே பாதி
போர்ட் ஹார்கோர்ட்டின் காற்று.
மாவுக்குக் காசு கொடுத்தோம், காற்றுக்கு இல்லை.
இரண்டும் ஒரே விலைக்குப் போகின்றன.

ஆகஸ்டு மழையில் வந்தாள் ஆய்வாளர் எபியேரே,
செருப்பெல்லாம் சேறு.
ரொட்டியை அறுத்து, குப்பியிலிருந்து
ஒரு சொட்டு விட்டாள்.
முதலில் ஒன்றுமில்லை.
பிறகு ஊதா, அடிபட்ட சதை கன்றுவதுபோல.
"எலிகளுக்குச் சிறுநீரகத்தில் கட்டி வந்தது" என்றாள்.
"எலிகள் எங்கள் வாடிக்கையாளர் இல்லையே அம்மா"
என்றார் முதலாளி டோன்யே.
அவர் மட்டுமே சிரித்தார்.

ஒன்பது நாள் பூட்டு.
அபராதத்தை நான்தான் எழுதினேன்,
ஓரத்தில் பென்சிலால் வகுத்தும் பார்த்தேன்:
நான்கு நாள் காற்றின் விலை.

திறந்த பின் கொஞ்ச நாள் யோக்கியமாக இருந்தோம்.
ரொட்டிகள் குட்டையாக, கனமாக வந்தன.
தலைச்சுமைக்காரி போமா கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து
"இதற்கென்ன காய்ச்சலா?" என்றாள்,
தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சாரிக்குப் போனாள்.
அங்கே ரொட்டிகள் நெடுநெடுவென்று நின்றன.
அங்கே யாரும் சொட்டு விடவில்லை.

பதினாறாம் நாள் டப்பா திரும்பி வந்தது.
செய்தித்தாளைப் பிரித்தது நான்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டுமாம்.
நினைக்கிறேன்.
சம்பளம் போக தினம் இரண்டு ரொட்டி தருகிறார்.

எபியேரே தன் குப்பியை
என் மேசையில் மறந்துவிட்டுப் போயிருந்தாள்.
நான் திருப்பித் தரவில்லை.

இரவில், பிள்ளைகள் தட்டோடு உட்காருமுன்
ரொட்டியின் மூலையில் ஒரு சொட்டு விட்டு
நிற்கிறேன்.
கன்றுகிறது.

அந்த மூலையை மட்டும் அறுத்தெறிந்துவிட்டு
மீதிக்கு மார்ஜரின் தடவுகிறேன்.