மனுவின் மூன்றாம் வரி

மண்டபத்தில் ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்
என் கடை.
ஜெராக்ஸ் இரண்டு ரூபாய், ஆங்கில மனு அறுபது.
கடல் விவகாரமென்றால் நாற்பதுதான் வாங்குகிறேன்.
ஏன் என்று என்னையே கேட்டுக்கொண்டதில்லை.

பிறிஸ்காள் காகிதங்களை
ஐஸ் பெட்டிக்கு விரிக்கிற பாலித்தீனில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள்.
படகின் பதிவு எண். ஆதார் நகல்.
கணவன் சூசைமரியானின் புகைப்படம்,
கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டியது;
அவன் தோளில் அவளுடைய பாதிக் கை இன்னும் இருந்தது.

முதல் வரி பெயர். இரண்டாம் வரி ஊர், தேதி.
மூன்றாம் வரியில் நின்றுவிட்டேன்.
படகு எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்ததற்கு
இங்கிலீஷில் இரண்டு வார்த்தை கைவசம்.

ஒன்று, ஸ்ட்ரே.
போன வாரம்தான் இதே விரல்களால் அடித்தேன்,
பஞ்சாயத்துக்கு, தெருநாய்கள் பற்றிய புகாரில்.
அந்த வார்த்தைக்குக் கால் உண்டு.
பாதை என்று ஒன்று இருந்திருக்க வேண்டும்,
அதை விட்டு விலகியிருக்க வேண்டும்,
விலகியது தெரியாமலும் இருந்திருக்க வேண்டும்.
மந்தை பிரிந்த ஆட்டுக்கு அது.
குறி தப்பிய தோட்டாவுக்கும் அதுதான்.

இன்னொன்று, டிரிஃப்ட்.
அதற்குக் கால் கிடையாது.
ஒற்றைச் செருப்பு, தென்னை மட்டை,
அறுந்த வலையின் மிதப்புக் கட்டை,
நீவாடு கொண்டுபோகிற இடத்துக்குப் போகும்.
குற்றம் இல்லை அதில்.
ஆளும் இல்லை.

"முதல் வார்த்தையப் போட்டா
அவருக்குக் கடல் தெரியலன்னு ஆகும்.
ரெண்டாவதப் போட்டா
என்ஜின் நின்னுபோச்சுன்னு ஆகும்" என்றேன்.

"அவருக்கா தெரியாது?
ஈயக்குண்ட விட்டுத் தூக்கி
ஒட்டியிருக்க சேத்த வெரல்ல தேய்ச்சே
எந்த எடம்னு சொல்ற ஆளு."

"அப்ப ரெண்டாவது."

"என்ஜின் அந்த மாசந்தான் பிரிச்சுப் பார்த்தது.
பதினெட்டாயிரம். என் தோட்ட வச்சு."

பிறகு குரலைத் தாழ்த்தவில்லை அவள், உயர்த்தவுமில்லை.
"போனாரு தம்பி.
மீன் அங்க கெடந்துச்சு. போனாரு.
போறதுக்கு இங்கிலீசுல வார்த்தை இல்லியா?"

இருக்கிறது.
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த வார்த்தை.
அதை அடித்தால் எத்தனை மாதம் கூடும் என்று
எனக்குச் சொல்லத் தெரியாது, கூடும்.

டிரிஃப்டை அடித்தேன்.
பிரிண்டர் தாளைக் கோணலாக இழுத்தது,
இன்னொரு முறை எடுக்க வேண்டியிருந்தது.

"தமிழ்ல சொல்லு. நாளைக்கு யாரும் கேட்டா
நானும் ஒண்ணுபோலச் சொல்லணும்ல."

"நீவாடு இழுத்துட்டுப் போயிருச்சு."

சொல்லிப் பார்த்தாள்.
மறுபடி சொன்னாள், பிள்ளைக்கு ஞானோபதேசம் ஒப்பிக்கிற வேகத்தில்.
மூன்றாம் முறை பாதியில் சிரித்துவிட்டாள்.
"அன்னிக்கு ராத்திரி கொண்டல்.
கொடியில போட்ட சேலை மேக்க பார்த்துப் பறந்துச்சு.
காத்தும் நீவாடும் இழுத்திருந்தா
இங்க நம்ம கரையிலதான ஒதுங்கியிருப்பாரு?"

நான் ஸ்டேப்ளரைத் தேடுவதுபோல் குனிந்தேன்.
தனுஷ்கோடி முதல் தொண்டி வரை
யார் படித்தாலும் பல் இளிக்கும் மனு அது.
ஆனால் அதைப் படிக்கப்போகிற மேசைகளில்
கொண்டல் அடிப்பதில்லை.
மின்விசிறிதான்.

தமிழில் கையெழுத்துப் போட்டாள்,
"ள்" மட்டும் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது.
"பரவாயில்லையா?" என்றாள்.
பரவாயில்லை என்றேன்.

ராமநாதபுரம் பஸ் வந்தது.
ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும்
அவள் உதடு அசைந்துகொண்டிருந்தது.
இழுத்ததா, போனாரா,
கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து
எனக்குப் பிடிபடவில்லை.