காதுகுத்து, திருவொற்றியூர்

டயர் கடைக்கு மேலே மாடி மண்டபம்.
கூரைத் துணி ரோஸ் கலர்.
ஃபிளாஷை மேலே திருப்பினால்
சொந்தபந்தம் மொத்தமும் ரோஸாகிவிடும்.
அணைத்துவிட்டேன்.
டியூப்லைட் துடிக்கிறது; ஷட்டரை ஐம்பதுக்கு இறக்கி
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
கன்டெய்னர் லாரி போகும்போதெல்லாம்
தரை அதிர்கிறது,
அதையும் கணக்கில் வைத்தேன்.

தாய்மாமன் தேசப்பன் மடியில் தன்ஷிகா.
மொட்டையில் சந்தனம் இன்னும் காயவில்லை.
ஆசாரி ஊசியை எடுத்ததும்
எழுந்தன பதினெட்டு செல்போன்கள்
எனக்கும் அந்தக் காதுக்கும் நடுவில்.
யாருடைய முழங்கையோ என் லென்ஸில்.

நாற்காலிமேல் ஏறியிருக்கலாம். கத்தியிருக்கலாம்.
திரும்பினேன்.

கைகழுவும் தொட்டி ஓரம்
லோகேஸ்வரி, பெத்தவள்,
கண்ணை இறுக்க மூடி
தன் காதுமடலைத் தானே
இரண்டு விரலால் பிடித்திருந்தாள்.
வீறிட்ட சத்தம் கேட்டது. அழுத்தினேன்.
ஒன்றே ஒன்று.

பத்து நாள் கழித்து ஆல்பத்தில்
பாதிவரை புரட்டிவிட்டு நிறுத்தினாள்.
"இன்னாண்ணா, ஊசி ஏறுற போட்டோ எங்க?
நாந்தான் பாக்க முடியாம கண்ண மூடிக்கினேன்.
நீ இன்னாத்தப் பாத்துக்கினு இருந்த?"

பாக்கி இரண்டாயிரம்
இன்னும் அவள் கைப்பையில்.