ஆறு மணி முறை

ஔலு நகரத்து அலுவலகத்தின் அடித்தளத்தில்
சவுனாவை மூடிவிட்டார்கள்.
அடுப்பைக் கழற்றி, கற்களை ஒரு வாளியில் அள்ளி
வாகன நிறுத்தத்தில் பனிக்குவியலருகே வைத்தார்கள்.
மே மாதம் பனி வடிந்தது.
வாளி இன்னும் அங்கேதான்.

புதிய முதலாளிகள் ரோட்டர்டாம்காரர்கள்.
நுழைவாயிலில் ஐந்து விழுமியங்கள் தொங்குகின்றன,
ஒன்றில் எழுத்துப்பிழை.
பிழைப் பட்டியலில் பதிந்தேன்.
'குறைந்த முன்னுரிமை' என்று மூடினார்கள்.

சவுனா அறைக்கு இப்போது பெயர் மனம் திறக்கும் கூடம்.
செவ்வாய்தோறும் ஃபெம்கே வருகிறாள்
ஆரஞ்சு ஒட்டுத்தாள்களோடு.
"இங்கே யாரும் எதையும் சொல்லலாம்."
நாங்கள் எதையும் சொல்வதில்லை.

இல்போ மட்டும் காபி இயந்திரத்திடம் முணுமுணுப்பான்:
"அங்கே துணியே கிடையாது,
அதைவிட என்ன வெளிப்படை?"
ஒருமுறை அங்கேதான் நிறுவனரிடம் சொன்னானாம்,
இந்த வெளியீடு விழுந்துவிடும் என்று.
அவர் ஒரு கரண்டி தண்ணீரைக் கல்லில் ஊற்றி
"தெரியும்" என்றாராம்.
மூன்று மாதம் தள்ளிப்போனது.
கூட்டக் குறிப்பு எதுவும் இல்லை.

இந்தக் கதைக்கு எல்லாரும் சிரிப்பார்கள்.
பத்தொன்பது ஆண்டு நானும் சிரித்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை நான்கு மணி பெண்கள் முறை.
சிர்க்கு, நான், கணக்குப் பிரிவு ஓர்வொக்கி.
பிள்ளைகள், பல்வலி, கோடைக் குடிலின் கூரை.
தலை துவட்டி நாங்கள் பேருந்து ஏறியபின்
ஆறு மணிக்கு ஆண்கள்.
முடிவுகள் அந்த ஆவியில்தான் வெந்தன.
திங்கட்கிழமை எங்கள் மேசைக்கு வந்தபோது
இறுகிப்போயிருந்தன, கிளற முடியாது.

இன்று ஃபெம்கே கேட்டாள்:
"பழைய பண்பாட்டில் எதை வைத்துக்கொள்வோம்?"
ஏழு தாள்களில் ஏழு பேர்: சவுனா.
சிர்க்கு வெறுந்தாளை ஒட்டினாள்.
ஃபெம்கே அதைப் படமெடுத்துக்கொண்டாள்.

நான் எழுதினேன்.
பலகையில் இடமில்லை.
அடுப்பு இருந்த மூலையில்
பைன் மரச்சுவரில் வைத்து அழுத்தினேன்.
அங்கே இன்னும் பிசின் கசிகிறது.

கூட்டம் முடிந்து ஃபெம்கே உரித்தபோது
பாதித் தாள்தான் வந்தது.
மிச்சம், என் கையெழுத்தில்,
'ஆறு மணிக்கு' என்று
சுவரிலேயே நின்றது.

இல்போ கிட்டே போய்ப் படித்தான்.
வெப்பமானி இருபத்தொன்று காட்டியது.
கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டை.
முதலில் காது சிவந்தது, பிறகு பிடரி.
"கைசு, அப்போதெல்லாம் நாங்கள்..."
என்று தொடங்கி
புறங்கையால் நெற்றியைத் துடைத்து,
கரண்டியைத் தேடுகிறவன்போல்
கீழே பார்த்தான்.