மயங்கியவர் அருகே பேசாதீர்

ஆடிட்டர் என்றால் வரிக்கணக்கு என்று நினைப்பார்கள்.
நான் பார்த்தது வலிக்கணக்கு.
ஃப்ளோரிடாவில், கிளியர்வாட்டரில்,
கடலுக்கு முதுகு காட்டிய ஓர் அறை.
எதிரே ஒருவர், இரு கையிலும் தகர உருளை,
நடுவே மீட்டர்,
அதில் ஒரு முள்.

அதற்கு முந்தைய சம்பவத்துக்குப் போங்கள், என்பேன்.
அதற்கும் முந்தையதற்கு.
ஒரு நாய்க்கடி. ஒரு பல் டாக்டர்.
மூன்று வயதில் நீச்சல்குளத்தின் அடியில் பார்த்த நண்பகல்.
முள் துடிக்கும்.
துடித்த இடத்தில் தோண்டுவேன்.
முள்ளை முள்ளால்தான் எடுக்கிறேன் என்று
இருபது வருடம் நம்பினேன்.

எங்கள் பாடம் இது:
அறிவுள்ள மனம் தப்பாகக் கூட்டவே கூட்டாது.
தப்பெல்லாம் அடியில் கிடக்கும் இன்னொன்றினுடையது.
அது உறங்காது, கேள்வி கேட்காது,
கிண்டல் தெரியாது.
நாம் நினைவிழந்து கிடக்கையில் அது விழித்திருந்து
காதில் விழுந்ததை அப்படியே விழுங்கும்.
ஆறு வயதில், மயக்க மருந்தில் கிடந்தபோது, யாரோ யாரிடமோ
"விட்டுத் தொலை" என்று சொல்லியிருந்தால்
நாற்பதில் நீங்கள் வேலையை விடுவீர்கள்,
மனைவியைத் தொலைப்பீர்கள்,
ஏனென்று தெரியாமல்.

ஆகவே அடிபட்டவர் அருகில் வாய் திறக்கக் கூடாது.
பிள்ளை பெறும் அறையிலும்தான்.
ரோவீனாவை நான் உதட்டைக் கடித்தே பெற்றேன்.
நல்ல தையல் போட்டார்கள், உதட்டுக்கு.

செப்டம்பரில் புயல் வருகிறது என்றார்கள்.
ஹாலிஸ் ஏணியில் நின்று
ஜன்னலுக்குப் பலகை அடித்துக்கொண்டிருந்தான்.
சுத்தியல் சத்தம் நின்றது.
பிறகு வேறு ஒரு சத்தம்.

ஓடினேன்.
அவன் பெயர் தொண்டை வரை வந்தது.
விழுங்கினேன்.
ஆம்புலன்ஸ்காரர்களுக்கு
உதட்டில் விரல் வைத்துக் காட்டினேன்.
புத்தி பிசகியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்,
என்னை,
பிசகுகளையே பிழைப்பாகக் கொண்டவளை.

ராத்திரி நர்ஸ் ஒடாலிஸ்.
அவளுக்கு வாய் ஓயாது.
சலைன் மாற்றிக்கொண்டே பேஸ்பால் ஸ்கோர்,
பார்க்கிங்கில் செத்துக் கிடந்த பெலிக்கன்,
மாமியாரின் முழங்கால்,
டாம்பாவில் ஒரு கியூபாக்காரர் கடையில்
விடியுமுன்னே அடுப்பிலிருந்து இறங்கும் கொய்யா பஃப்ஸ்,
சீஸ் வைத்தது, வைக்காதது.
"கொஞ்சம் திரும்பிக்கோ ராசா" என்பாள்,
தானே திருப்பிக்கொண்டு.

புகார் எழுதினேன். பயனில்லை.
ஒருநாள் ஊசி ஏறாமல்
"சனியன் பிடித்த நரம்பு" என்றாள்.
குறித்துக்கொண்டேன்:
தேதி, நேரம், சொல்.
பின்னால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

பதினோரு நாள்
அவன் கையைப் பிடித்தபடி
நாற்காலி கிறீச்சிடாமல் உட்கார்ந்திருந்தேன்.
புயல் வேறு ஊருக்குப் போய்விட்டது.

பன்னிரண்டாம் நாள் கண் திறந்தான்.
உதடு வெடித்திருந்தது.
"கொய்யா" என்றான்.
தண்ணீர் நனைத்த பஞ்சை வைத்தேன்.
"சீஸ் வைக்காதது."

பிறகு என்னைப் பார்த்தான்,
ரயிலடியில் தெரிந்த முகத்தைப் பார்ப்பதுபோல.
"நீ எப்ப வந்த?"

பாடம் பொய்யில்லை, பாருங்கள்.
சொல் உள்ளே போகத்தான் செய்கிறது.
ஆனால் சொல்லாதது எங்கே போகிறது?
நான் புரட்டிய பக்கங்களில் அது இல்லை.
அந்த நிமிஷம் உருளைகள் என் கையில் இருந்திருந்தால்
முள் எங்கே போய் நின்றிருக்கும்
என்று மட்டும் யோசித்தேன்.

இப்போது ஹாலிஸ் இடப்பக்கம் சாய்ந்து நடக்கிறான்.
ஒடாலிஸுக்குக் கிறிஸ்துமஸ் அட்டை அனுப்புகிறான்.
மீட்டர் அலமாரியில், போர்வைகளுக்குப் பின்னால்.
விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது;
தூக்கிப் போடவில்லை, அவ்வளவுதான்.

ராத்திரி அவன் அசந்து தூங்கும்போது
காதருகே குனிகிறேன்.
இத்தனை வருடம் மற்றவர்களைப் பேச வைத்தவளுக்கு
என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

"கரண்ட் பில் கட்டியாச்சு" என்கிறேன்.
"வெளியே மழை.
நான் இங்கதான் இருக்கேன்.
பின்கதவைப் பூட்டிட்டேன்."