கடைக்கு வராதவை

புந்தா அரேனாஸில் காற்று முற்றும் நாட்களில்
தெரு ஓரம் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
அந்தக் கயிற்றை ஒரு கையால் பற்றியபடிதான்
என் கடைக்கு வருகிறார்கள்.
இன்னொரு கையில், கோட்டுக்குள் அணைத்தபடி,
செத்த கணினி.

எது நம்பகமானது, நெலிதா?
உட்காருவதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்.

நோட்டரி கரேலோவிச்சுக்கு அதில் சந்தேகமே கிடையாது.
ஆப்பிள். பதினொரு வருஷம். ஒரு தும்மல் கிடையாது.
அவருடையதைத் திறந்தேன்:
சர்க்கரை போட்ட மாத்தே தேநீர் உள்ளே இறங்கிக் காய்ந்து
செம்புத் தடமெல்லாம் களிம்பு.
அது வேறு விஷயம், என்றார்.

படகுத்துறையில் சீட்டுக் கிழிக்கும் எலெயுதேரியோ
லினக்ஸ் தவிர வேறெதையும் தொடமாட்டான்.
விழவே விழாது என்பான். விழவில்லைதான்.
அச்சுப்பொறிக்கும் அதற்கும் மட்டும்
மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

விண்டோஸ்காரர்கள் சண்டைக்கே வருவதில்லை.
நீலத்திரை வந்தால்
எழுந்துபோய்க் காப்பி போடுகிறார்கள்,
மழைக்கு ஒதுங்கி நிற்பவர்களைப் போல.

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது.
பதினான்கு வருஷத்துச் சாவுகள்.
தேதி, தளம், காரணம்.
பெருங்காற்றில் மின்சாரம் போன ஜூலையில்
மெழுகுவத்தியை வைத்துக்கொண்டு கூட்டினேன்.
விண்டோஸ் ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
ஆப்பிள் முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று.
லினக்ஸ் அறுபத்திரண்டு.
மற்றவை நூற்று இருபத்துமூன்று.

ஆகா, என்று பேனாவை மூடிய பிறகுதான் உறைத்தது.
இந்த ஊரில் உயிரோடு இருப்பவை எத்தனை?
எந்த வீட்டில், எந்த மேசையில்
எது சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது?
கல்லறை வாசலில் உட்கார்ந்து
ஊர் ஜனத்தொகையை எண்ணியிருக்கிறேன்.

காரணம் என்ற பத்தியை அன்றைக்குத்தான்
மேலிருந்து கீழாகப் படித்தேன்.
உப்பு. உப்பு. கம்பளிப் பஞ்சு.
அடுப்புக் கரி. உப்பு. பூனை.
கூரையைக் காற்று கொண்டுபோனது.
கணவன்.
உப்பு.

ஆகஸ்டில் கம்பளிக் கிடங்கிலிருந்து கூப்பிட்டார்கள்.
பொதி எடைபோடும் கணினி;
பல் மஞ்சளித்த பெட்டி,
விண்டோஸ் தொண்ணூற்றெட்டு.
வலைத் தொடர்பைக் கண்டதில்லை.
எடையைத் தவிர வேறெதையும்
யாரும் அதனிடம் கேட்டதில்லை.
சுனில்தா தினமும் மாலை ஆறுக்கு அணைத்து
ஒரு காலிச் சாக்கால் மூடிவிட்டுப் போவாள்.
இருபத்துமூன்று வருஷம்.

பழுது அதில் இல்லை,
மேசையின் கால் உடைந்திருந்தது.
புது மேசைக்கு மாற்றித் தரவேண்டும், அவ்வளவுதான்.

உள்ளே பார்க்கட்டுமா என்றேன்.
ஓடுவதைத் திறப்பானேன் என்றாள்.
தூசியாவது தட்டுகிறேனே என்றேன்.
நான்தானே விடவில்லை.
தூரிகையால் துடைத்தேன், தளர்ந்த கம்பிகளை அழுத்தினேன்,
இறந்தவற்றையே திறந்து பழகிய கை
மிக மெதுவாகத்தான் மூடியது.

பொத்தானை அழுத்தினேன்.
விசிறி அரைச்சுற்று சுற்றி நின்றது.
இன்னொரு முறை அழுத்தினேன்.

சுனில்தா ஒன்றும் சொல்லவில்லை.
மூலையில் கிடந்த தொங்கு தராசை இழுத்து வந்து
கொக்கியில் பொதியை மாட்டினாள்.
பென்சிலை எச்சில் தொட்டு
அட்டையில் எழுதத் தொடங்கினாள்.

இரவு நோட்டைப் பிரித்தேன்.
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினேழு.
தேதி எழுதினேன். தளம் எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்
நெலிதா பரியா என்று
முழுப் பெயரையும் எழுதினேன்.

திங்கட்கிழமை காற்று கொஞ்சம் அடங்கியிருந்தது.
கயிற்றை விட்டுவிட்டு ஒரு பெண் உள்ளே வந்தாள்,
மடியில் புத்தம்புது வெள்ளிப் பெட்டி.
எது நம்பகமானது என்று ஆரம்பித்தாள்.
அடுப்புப் பக்கம் உட்காருங்கள் என்றேன்,
அதை மட்டும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.