வயது என்னும் கட்டம்

வாங்குகிறவரிடம் நூற்றைம்பது வருஷம் என்பார்
ஹேராகாஜி தாம்ராகார்.
என்னிடம் வந்தால் முப்பது.
ஒரே குக்ரி, ஒரே காலைப்பொழுது.
லலித்பூரிலிருந்து இந்த அலுவலகம் வரும் அரைமணி நேரத்தில்
நூற்றிருபது வயது இளைத்துவிடுகிறது.

நூறைத் தாண்டியது நாட்டைத் தாண்டக் கூடாது.
தாண்டாததற்கு நான் அரக்கு முத்திரை வைப்பேன்.
இவ்வளவுதான் என் வேலை.
இதற்கு ஒரு ஜன்னல், ஒரு பூதக்கண்ணாடி,
அசார் மாத ஈரத்தில் ஊறிய ஒரு மைப்பெட்டி.

"புதுசு மேடம். என் மச்சான் பட்டறையில் அடித்தது.
தேயிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, சாணியில் புதைத்து
நாங்களே கிழடாக்கினோம்" என்று
தன் பொருள் போலி என்பதற்குச் சத்தியம் செய்தார்.
பக்கத்தில் பெல்ஜியத்துக்காரர்
நேபாளி புரியாமல் பெருமையோடு தலையாட்டிக்கொண்டிருந்தார்.

உறையை முதலில் ஒதுக்கினேன். உறை யாரோடும் போகும்.
தோல் புதுசு, தையல் புதுசு,
குட்டிக் கத்திகள் இரண்டில் ஒன்று வேறு வீட்டுப் பிள்ளை.

பிறகு முதுகு.
பிடியருகே சுண்டுவிரல் தடிமன்; நுனிக்குப் போகப்போக,
பேச்சை முடிக்கத் தெரிந்தவர் குரல்போல மெலிந்தது.
சந்தைக்கு அடிக்கிறவர்களுக்கு அந்தப் பொறுமை இல்லை,
கடைசிவரை ஒரே கனம் வைப்பார்கள்.
தேயிலைக் கறை மேலே நிற்கும்.
இந்தக் கறுப்பு குழிக்குள் குடியிருந்தது.
அலகின் வயிறு வற்றியிருந்தது,
எத்தனையோ சாணைக்கல் தின்ற மிச்சம்.
தீட்டிய கோடுகள் ஒரு பக்கம் மட்டும் ஆழம்.
இடதுகைக்காரராக இருக்கலாம். சோம்பேறியாகவும் இருக்கலாம்.
குறிப்பில் இரண்டையும் எழுதவில்லை.

அலகின் அடியில் இருக்கும் சின்ன வெட்டைக் காட்டி
இது எதற்கு என்று கேட்டார் பெல்ஜியத்துக்காரர்.
பசுவின் குளம்பு என்பார்கள், சூலம் என்பார்கள்,
ரத்தம் கைக்கு வராமல் சொட்ட என்பார்கள்.
ஊசியால் சுரண்டினேன்.
மஞ்சள்பொடி வந்தது.

ஒருமுறை தவறியிருக்கிறேன்.
தன்குட்டாவிலிருந்து வந்த ஒன்றுக்கு நாற்பது என்று எழுதினேன்,
விமானம் ஏறிப் போனது.
எட்டு மாதம் கழித்து அதே வீட்டிலிருந்து அதன் ஜோடி வந்தது,
பிடி கழன்று, உள்ளிரும்பில் வருஷம் வெட்டப்பட்டு.
அன்றிலிருந்து எந்தப் பிடியையும்
மூன்று முறை தட்டிப் பார்க்கிறேன்,
ஆள் உள்ளே இருக்கிறாரா என்பதுபோல.

இதைத் தட்டும்போதுதான் கண்டேன்:
முதுகில், பிடியை ஒட்டி, ஓர் அங்குலத்துக்குப் பளபளப்பு.
அரம் போட்ட தடம். போன வாரத்தது.
நான் பார்த்த போலிகள் எல்லாம்
எண்ணைச் சேர்த்துக்கொண்டு வந்தவை.
ஆயுதக் கிடங்கு எண், பட்டாளத்தின் பெயர்,
எழுத்துப்பிழையோடு ஒரு மகாராஜா.
எண்ணை இழந்துகொண்டு வந்தது இது ஒன்றுதான்.
சாய்த்துப் பிடித்தேன். வெளிச்சம் சரிந்த இடத்தில்
ஒரு தேவநாகரி ஏழின் வளைவு மட்டும் பிழைத்திருந்தது.

ஹேராகாஜி என் கண்ணைப் பார்க்கவில்லை.
தன் குடை சொட்டுவதைப் பார்த்தார்.

கட்டத்தில் எழுதினேன்: நூறுக்கு மேல்.
பெல்ஜியத்துக்காரருக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்:
உங்களிடம் அவர் சொன்னது உண்மைதான்,
அதனால்தான் கொண்டுபோக முடியாது.
பாதி வாக்கியம்வரை அவர் முகம் மலர்ந்திருந்தது.

அவர் டாக்ஸி தேடிப் போன பிறகு
ஹேராகாஜி குக்ரியைத் துணியில் சுற்றினார். நின்றார்.
"மேடம், அந்தத் தாளை எனக்குக் கொடுப்பீர்களா?
நூறுக்கு மேல் என்ற இடத்தில் ஒரு சீல் போட்டு.
காத்மாண்டுவிலேயே ஒருத்தர் கேட்டுக்கொண்டிருக்கிறார்,
என் வாயை நம்பமாட்டேன் என்கிறார்."

மறுப்புக்கும் முத்திரை உண்டு, விதியில் இருக்கிறது.
போட்டேன். ஈர மையில் நூறு கொஞ்சம் பரவியது.
வாசலில் நின்று ஊதி ஊதிக் காயவைத்தார்,
குழந்தைக்குச் சூடான கஞ்சியை ஆற்றுகிறவர்போல,
ஒரு துளி மழையும் படாமல்
முதுகை வளைத்து.